பழைய மிடி ஃபைலைப் புதுக் கீபோர்டில் சரியாக ஒலிக்க வைப்பது

மாரியம்மன் நோம்பிக்கும் கல்யாண வரவேற்புக்கும் வாசிக்கிற மெல்லிசைக் குழுக்களிடம் 1990-களில் கீபோர்டிலேயே உட்கார்ந்து புரோகிராம் செய்த பாட்டுகள் பிளாப்பி டிஸ்க்குகளில் பெட்டி பெட்டியாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ராத்திரி கண்விழித்துப் போட்டது. பழைய கீபோர்டு ஓய்ந்துபோய்ப் புதுசு வாங்கி அதே ஃபைலைப் போட்டால், புல்லாங்குழல் வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நிற்கிறது. டோலக் அடிக்க வேண்டிய இடத்தில் விசில் ஊதுகிறது. வயலின் இருந்த சேனலில் (ஒரு வாத்தியத்துக்கென்று ஒதுக்கிய வழியில்) பியானோ கேட்கிறது.

ஃபைல் கெட்டுவிட்டது என்று அப்போதே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மிடி ஃபைலில் ஒலி கிடையாது. 'இந்த சேனலில் இந்த எண் டோனை (வாத்திய ஒலியை) எடு, இந்த எண் கட்டையை இவ்வளவு வேகத்தில் அழுத்து' என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கின்றன. அந்த எண்களுக்கு என்ன பொருள் என்பதை எழுதினபோது எதிரே இருந்த கீபோர்டு முடிவு செய்தது. ஆகவே முதல் வேலை, ஃபைல் எந்தக் கருவிக்காக எழுதப்பட்டது என்று கண்டுபிடிப்பது. அது தெரியாமல் ஒரு எண்ணைக்கூட மாற்றக் கூடாது. தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிளாப்பியிலிருந்து எடுக்கும்போது

பிளாப்பியை டிரைவில் செருகும் முன் ஷட்டரை விரலால் நகர்த்தி உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டைப் பாருங்கள். திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி உள்ளே போயிருக்கும். வால்பாறை, பொள்ளாச்சி ஈரத்துக்கு வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கும். பூஞ்சை பிடித்த பிளாப்பியை அப்படியே செருகினால் தகடும் கீறும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியும் கெடும். சுத்தமானவற்றையெல்லாம் முதலில் நகலெடுத்துவிட்டுச் சந்தேகமானவற்றைக் கடைசியில் எடுங்கள். நடுவில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் ஹெட்டை மெதுவாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் உள்ள சிறு கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் எழுத்துப் பாதுகாப்பு. இதைச் செய்யாமல் எந்தப் பிளாப்பியையும் உள்ளே விடாதீர்கள். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். அப்படிக் கேட்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சில பழைய கருவிகள் டாஸ் அல்லாத சொந்த அமைப்பில் எழுதின. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: 1.44 எம்பி பிளாப்பியைப் பழைய கீபோர்டில் போட்டு 720 கேபியாக ஃபார்மட் செய்திருப்பார்கள். பாதுகாப்புக் கதவுக்கு எதிர்ப்பக்க ஓட்டையைப் பார்த்து யூஎஸ்பி டிரைவ் அதை 1.44 என்று நினைத்துக்கொள்கிறது, படிக்க முடியாமல் திணறுகிறது. அந்த எதிர்ப்பக்க ஓட்டையை ஒளி புகாத டேப் ஒட்டி மூடிவிட்டால் பெரும்பாலும் படித்துவிடும்.

ஃபைல் ஃபைலாக இழுத்து நகலெடுப்பதைவிட முழுப் பிளாப்பியையும் ஒரே படிமமாக எடுப்பது நல்லது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி முயலும். 1.44 எம்பி பிளாப்பியின் படிமம் சரியாக 1,474,560 பைட், 720 கேபி என்றால் 737,280 பைட். அளவு குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

கிடைத்த ஃபைல் மிடிதானா என்பதை அதன் முதல் நான்கு எழுத்து சொல்லிவிடும்: எம்டிஎச்டி. ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கினால் அது விண்டோஸ் காலத்து ஆர்எம்ஐ ஃபைல். முதல் 20 பைட்டை வெட்டினால் உள்ளே சாதாரண மிடி இருக்கும். கேஏஆர் என்று முடியும் கரோக்கி ஃபைலுக்குப் பெயரை மட்டும் எம்ஐடி என்று மாற்றினால் போதும். வொர்க்ஸ்டேஷனின் (பாட்டைத் தானே பதிவு செய்யும் பெரிய கீபோர்டின்) சொந்த வடிவத்தில் சேமித்தவை மட்டும் சிக்கல். அதே கருவி எங்காவது ஓடும் நிலையில் இருந்தால் அதிலேயே போட்டு 'ஸ்டாண்டர்டு மிடி ஃபைல்' என்று மறுபடி சேமிப்பதுதான் நேர்வழி.

எடுத்த மூலத்தைத் தனி ஃபோல்டரில் வைத்துப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். இனி செய்யும் வேலையெல்லாம் நகலில்.

யாருக்காக எழுதினது

செகாய்ஜு, மிடிஎடிட்டர் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் மிடி திருத்தும் மென்பொருள்கள். ஃபைலில் உள்ள கட்டளைகளை ஈவென்ட் பட்டியலாக வரிசையாகக் காட்டும். மிடிசிஎஸ்வி என்ற சிறு நிரல் முழு ஃபைலையும் கணக்குத்தாள் மாதிரி வரிவரியாக எழுதிக் கொடுக்கும். எக்செல்லில் திருத்தி, அதனுடன் வரும் சிஎஸ்விமிடியால் திரும்ப மிடியாக்கலாம். நூறு பாட்டுக்கு ஒரே மாதிரித் திருத்தம் செய்யும்போது இதற்கு இணை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மிடிசிஎஸ்வி சேனலையும் டோனையும் 0-விலிருந்து எண்ணும். தாள சேனல் 10 அங்கே 9 என்று தெரியும். புல்லாங்குழல் 74 அங்கே 73. இந்த ஒன்று தள்ளிப் போகும் கணக்கில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். இந்தக் கட்டுரையில் சேனலும் டோனும் 1-லிருந்து எண்ணப்படுகின்றன, மற்ற எல்லாம் 0-விலிருந்து.

பட்டியலின் தொடக்கத்தில் 240-இல் தொடங்கி 247-இல் முடியும் வரிகளைத் தேடுங்கள். இவை கருவியையே அமைக்கும் கட்டளைகள்: சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ், சுருக்கமாக சிசெக்ஸ். மென்பொருள் பதினாறடிமானத்தில் காட்டினால் கால்குலேட்டரின் புரோகிராமர் முறையில் மாற்றிக்கொள்ளலாம். 240-க்கு அடுத்த எண் தயாரிப்பாளரைச் சொல்லும்: 65 ரோலண்ட், 66 கார்க், 67 யமஹா, 68 கேசியோ, 126 என்றால் எல்லாருக்கும் பொது.

240 126 127 9 1 247: இது ஜெனரல் மிடி, அதாவது ஜி.எம். 1991-இல் வந்தது. 128 டோன், தாளம் சேனல் 10-இல்.
240 126 127 9 3 247: 1999-இல் வந்த ஜி.எம்.2.
240 65 16 66 18 64 0 127 0 65 247: ரோலண்டின் ஜி.எஸ். இதுவும் 1991, சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55 காலம்.
240 67 16 76 0 0 126 0 247: யமஹாவின் எக்ஸ்.ஜி., 1994.

240 65 16 22 18 என்று தொடங்கினால் அது 1987-இன் ரோலண்ட் எம்டி-32. ஜி.எம்.மே பிறக்காத காலம் என்பதால் டோன் வரிசையே வேறு. எஸ்சி-55 போன்ற ஜி.எஸ். கருவியில் கன்ட்ரோலர் 0-க்கு (கன்ட்ரோலர் என்பது சேனலின் அமைப்பை மாற்றும் எண்ணிட்ட கட்டளை) 127 கொடுத்தால் எம்டி-32-இன் டோன் வரிசை கிடைக்கும்; கணினியில் மன்ட் என்ற எமுலேட்டர் இருக்கிறது. நம்ம ஊர்ப் பாட்டு ஃபைல்களில் இது அபூர்வம், பெரும்பாலும் கணினி விளையாட்டு இசையில் வரும்.

எந்த சிசெக்ஸும் இல்லை என்றால் பேங்க் எண்களை, அதாவது ஒரே டோன் எண்ணில் எந்த மாற்று ஒலி என்று சொல்லும் எண்களை, பாருங்கள். கன்ட்ரோலர் 0-வில் 8, 16, 24 போன்ற எண்களும் கன்ட்ரோலர் 32-இல் 0-வும் இருந்தால் ஜி.எஸ். கன்ட்ரோலர் 0-வில் 0-வும் 32-இல் பல எண்களும் இருந்தால் எக்ஸ்.ஜி. 121, 120 வந்தால் ஜி.எம்.2. பேங்கும் இல்லை, டோன் எண்ணும் இல்லை என்றால், டோனைக் கையால் பேனலில் தேர்ந்தெடுத்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தகவல் ஃபைலுக்குள் வரவே இல்லை. பாட்டைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் எந்த சேனல் எந்த வாத்தியம் என்று மீட்க முடியும்.

விண்டோஸ் 3.1 காலத்து ஃபைல்களில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரே பாட்டை சேனல் 1 முதல் 10 வரை ஒரு தடவையும், 13 முதல் 16 வரை எளிமையாக இன்னொரு தடவையும் எழுதியிருப்பார்கள். இரண்டாவதில் தாளம் 16-இல். புதுக் கீபோர்டு இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது பாட்டு தடித்து, நடுவில் ஒரு பியானோ கண்டபடி தட்டும். 13 முதல் 16 வரை அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

முதல் மாத்திரைக்கு முன் ஒரு வெற்று ஆவர்த்தனம்

எந்தக் கருவிக்கான ஃபைல் என்று தெரிந்ததும், பாட்டின் முன்னால் ஒரு முழு பார் காலியிடம் விடுங்கள். எல்லா ட்ராக்கையும், டெம்போ, பாடல் வரி உட்பட, ஒரே அளவு தள்ள வேண்டும். இந்த பாரில்தான் கீபோர்டைத் தயார் செய்யும் கட்டளைகள் உட்காரும்.

முதலில் ரீசெட். புதுக் கீபோர்டு யமஹா என்றால் எக்ஸ்.ஜி., ரோலண்ட் என்றால் ஜி.எஸ். அல்லது ஜி.எம்.2, தெரியாவிட்டால் ஜி.எம். ஒரு ஃபைலில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். எக்ஸ்.ஜி. ரீசெட்டுக்குப் பின்னால் பழைய ஜி.எம். ரீசெட்டும் மிச்சமிருந்தால் சில கருவிகள் அதற்கப்புறம் வரும் பேங்க் கட்டளைகளையே ஏற்காது. டோன்கள் மொத்தமும் அடிப்படை டோனுக்குப் போய்விடும்.

ரீசெட்டை விழுங்கக் கருவிக்குச் சுமார் 50 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் அடுத்த கட்டளை வந்தால் காதில் விழாது. இதுதான் 'ஒரு தடவை சரியாக வருகிறது, ஒரு தடவை வரவில்லை' என்ற புகாரின் வேர். ஒரு பீட்டுக்கு 480 டிக் (மிடி நேரத்தின் மிகச் சிறு அளவு) உள்ள ஃபைலில், 120 டெம்போவில் ஒரு டிக் ஒரு மில்லிசெகண்டைவிடச் சற்றே கூடுதல். ரீசெட்டை 0-வில் வைத்து, அடுத்த கட்டளையை 240-வது டிக்கில் தொடங்குங்கள். அதன்பின் ஒவ்வொன்றையும் 2 டிக் இடைவெளியில் அடுக்குங்கள். ஒரே டிக்கில் எல்லாவற்றையும் குவித்தால் சில சீக்வென்ஸர்கள் (பாட்டைப் பதிந்து திருத்தும் மென்பொருள்கள்) சேமிக்கும்போது வரிசையைக் கலைத்துவிடும். பேங்குக்கு முன்னால் டோன் எண் போய்விட்டால் தப்பான வாத்தியம்தான் வரும்.

ஒவ்வொரு சேனலுக்கும் வரிசை இது: கன்ட்ரோலர் 0, கன்ட்ரோலர் 32, டோன் எண், வால்யூம் 7-க்கு 100, எக்ஸ்பிரஷன் 11-க்கு 127, பேன் 10-க்கு 64, ரிவெர்ப் 91-க்கு 40, கோரஸ் 93-க்கு 0. அதற்குப் பின் வளைவு எல்லைக்கான ஆறு கட்டளை ('வளைவு' பகுதியில் வருகிறது), கடைசியில் பிட்ச் பென்டை நடுவில் நிறுத்தும் 8192. மொத்தம் 15. பதினாறு சேனலுக்கும் 240 கட்டளை. 2 டிக் இடைவெளியில் 480 டிக்கில் முடிந்துவிடும். நான்கு பீட் பாரில் 1,920 டிக் இருக்கிறது, தாராளம். பழைய ஃபைலில் பீட்டுக்கு 96 டிக்தான் என்றால் பாருக்கு 384. அங்கே ஒரு டிக் 5 மில்லிசெகண்டுக்கு மேல் என்பதால் ரீசெட்டுக்குப் பின் 48 டிக் விட்டு, ஒரு டிக் இடைவெளியில் அடுக்குங்கள்.

பேங்கை மொழிபெயர்ப்பது

ஜி.எஸ். ஃபைலை யமஹாவில் போடும்போது வாத்தியம் மாறுவது இங்கேதான். ஜி.எஸ். தன் மாற்று டோனைக் கன்ட்ரோலர் 0-வில் எழுதும், எக்ஸ்.ஜி. கன்ட்ரோலர் 32-இல் எழுதும். ரோலண்டுக்கென்று எழுதின 8-ஐ யமஹா படித்தால் அப்படி ஒரு பேங்க் அதனிடம் இருக்காது. அதைவிட மோசம் 127: ரோலண்டில் எம்டி-32 டோன், எக்ஸ்.ஜி.யில் டிரம் கிட். வயலின் சேனலில் திடீரென்று டிரம் அடித்தால் வேறெதையும் தேட வேண்டாம், கன்ட்ரோலர் 0-வைப் பாருங்கள்.

முதல் சுற்றில் எல்லா மெலடி சேனலிலும் கன்ட்ரோலர் 0, 32 இரண்டையும் 0 ஆக்கிவிடுங்கள். அடிப்படை 128 டோன் சரியாக வந்துவிடும். பாட்டைக் கேட்டுப் பார்த்து, எந்த இடத்தில் பழைய ஒலியின் ருசி குறைகிறதோ அந்த சேனலுக்கு மட்டும் புதுக் கீபோர்டின் டோன் பட்டியலிலிருந்து நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் பேங்க், டோன் எண்ணை எழுதுங்கள். நம்ம பாட்டுகளில் அடிக்கடி வருபவை: சிதார் 105, ஃபிடில் 111, ஷெனாய் 112, புல்லாங்குழல் 74, வயலின் 41, நைலான் கிட்டார் 25, ஸ்ட்ரிங்ஸ் 49. நாதஸ்வரத்துக்கு ஜி.எம்.மில் இடமில்லை, ஷெனாயை வைத்துச் சமாளித்திருப்பார்கள். புதுக் கீபோர்டில் நாதஸ்வரம் தனியாக இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

மேடைக்கான புது வொர்க்ஸ்டேஷன்கள் பலவும் மின்சாரம் போட்டதும் ஒற்றை டோன் நிலையில்தான் எழும். அந்த நிலையில் 16 சேனலும் ஒரே டோனில் குவியும் அல்லது ஒரு சேனல் மட்டும் ஒலிக்கும். ஜி.எம். மல்டி, சாங் மோடு என்று கருவிக்குக் கருவி பெயர் மாறும். 16 பார்ட் உள்ள அந்த நிலைக்குப் போன பிறகே ஃபைலைக் குறை சொல்லலாம். ஃபுளூயிட்சின்த் என்ற மென்பொருளை வைத்துக் கணினியில் கேட்பவர்கள், பேங்க் செலக்ட் அமைப்பு இயல்பாக ஜி.எஸ். என்று இருப்பதை நினைவில் வையுங்கள். எக்ஸ்.ஜி. ஃபைலுக்கு அதை எக்ஸ்.ஜி. என்று மாற்ற வேண்டும்.

வளைவு

வெள்ளைக்காரர் பாட்டு ஃபைலில் பிட்ச் பென்ட் ஓரிரு இடத்தில் வரும். நம்ம பாட்டில் கமகமே அதில்தான் இருக்கிறது. ஆகவே இதில் பிழை வந்தால் பாட்டே இல்லை.

கீபோர்டின் வளைவுச் சக்கரம் அனுப்பும் பிட்ச் பென்ட் 0 முதல் 16383 வரை போகும், நடு 8192. அந்தத் தூரம் எத்தனை அரைச்சுரம் என்பதை வளைவு எல்லை என்ற தனி அமைப்பு சொல்கிறது. ஜி.எம். இயல்பு 2. ஆனால் சறுக்கல், ஜாரு போடுவதற்காகப் பலர் 12 வைத்து வாசித்தார்கள், அதையும் பேனலிலேயே வைத்தார்கள். ஃபைலுக்குள் சக்கரத்தின் அசைவு பதிவானது, எல்லை பதிவாகவில்லை.

ஒரு ஸ்வரத்தை எடுத்துப் பார்ப்போம். புல்லாங்குழல் ஸ-வில் நின்று சதுச்ருதி ரி-க்கு வழுக்கி ஏறுகிறது, 2 அரைச்சுரம். எல்லை 12 என்று வைத்து வாசித்தபோது சக்கரம் 8192-இன் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1365 தூரம் ஏறி 9557-இல் நின்றது. அதே 9557 எல்லை 2 உள்ள கீபோர்டுக்குப் போனால் ஓர் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். ரி வரவே வராது. ஸ கொஞ்சம் கூடிப்போய், ஸ்ருதி சேராத ஒரு ஒலியாக நிற்கும். கேட்பவர் 'குழல் ஸ்ருதி சேரலை' என்பார். டியூனிங்கை எவ்வளவு திருகினாலும் சரியாகாது, ஏனென்றால் பிழை டியூனிங்கில் இல்லை.

எல்லையை ஃபைலிலிருந்தே கண்டுபிடிக்கலாம். வளைவு ஏறி ஒரு இடத்தில் அரை பீட்டாவது அசையாமல் நிற்கிற ஸ்வரம் ஒன்றைத் தேடுங்கள். அந்த இடத்தில் எந்த ஸ்வரம் வர வேண்டும் என்று கோர்டை வைத்தோ பாட்டை வைத்தோ தெரியும். வர வேண்டிய அரைச்சுரத்தை 8192-ஆல் பெருக்கி, வளைவு நடுவிலிருந்து நகர்ந்த தூரத்தால் வகுங்கள். மேலே உள்ள கணக்கில் 2 பெருக்கல் 8192, வகுத்தல் 1365: விடை 12. விடை முழு எண்ணுக்குப் பக்கத்தில் வராவிட்டால் வேறு ஸ்வரம் எடுத்துப் பாருங்கள்; கையால் வாசித்த சக்கரம் எப்போதும் மிகச் சரியாக நிற்காது.

எல்லையை எழுதும் ஆறு கட்டளை: கன்ட்ரோலர் 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 12, 38-க்கு 0, பிறகு 101-க்கு 127, 100-க்கு 127. கடைசி இரண்டைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அவை கதவைச் சாத்துபவை. சாத்தாவிட்டால் பாட்டில் பின்னால் வேறெதற்கோ வரும் கன்ட்ரோலர் 6 வளைவு எல்லையை மாற்றிவிடும்.

எல்லை 2 போதும் என்கிற சேனலுக்கும் 2 என்று எழுதியே ஆக வேண்டும். முந்தைய பாட்டு 12 வைத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த பாட்டின் சாதாரண முழு வளைவு ஒரு ஸ்தாயி எகிறும். மேடையில் இதைவிடச் சங்கடம் கிடையாது.

வளைவு நெருக்கமாக இருந்தால் இன்னொரு தொல்லை வரும். ஐந்து பின் மிடி கேபிள் நொடிக்கு 31,250 பிட் ஓட்டும். ஒரு வளைவுக் கட்டளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். குழல், வயலின், ஷெனாய் மூன்றும் ஒவ்வொரு டிக்கிலும் வளைந்தால் கேபிள் நிரம்பித் தாளம் பின்தங்கும். 5 முதல் 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று போதும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. தாள ட்ராக்கை ட்ராக் வரிசையில் முதலில் வைத்தால் ஒரே நேரத்தில் வரும் கட்டளைகளில் அது முந்தும்.

தாளம், கட்டை மாற்றம்

டோலக், தபேலா, தவில் எதற்கும் ஜி.எம். தாள வரிசையில் இடமில்லை. இங்கே எழுதிய ஃபைல்கள் அந்தந்தக் கீபோர்டின் இந்திய கிட்டை (தாள ஒலித் தொகுப்பை) நம்பி எழுதப்பட்டவை. ஒரு கிட்டில் டோலக்கின் தொப்பி (இடப்பக்கத் தடித்த அடி) இருந்த 71, 72 எண்களில் ஜி.எம். கிட்டில் விசில் இருக்கும். முதலில் சொன்ன விசில் இப்படி வந்ததுதான்.

தாள சேனலை மட்டும் சோலோ போட்டு, அதில் வரும் எண்களை எழுதுங்கள். ஒரு பாட்டில் வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பழைய ஒலி எது என்று எழுதுங்கள்: தொப்பி, வலந்தலை (வலப்பக்கம்) மூடியது, வலந்தலை திறந்தது, உருட்டு. பழைய கருவி இல்லாவிட்டாலும் அடி விழும் இடத்தைப் பார்த்து ஊகிக்கலாம். சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் அடியில்) விழுவது பெரும்பாலும் தொப்பி. பிறகு புதுக் கீபோர்டின் இந்திய கிட்டில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டி, மூன்றாவது நெடுவரிசையில் புது எண்ணை நிரப்புங்கள். யமஹாவின் பி.எஸ்.ஆர்-ஐ வரிசை போல இந்தியாவுக்கென்று வந்தவற்றில் இந்திய கிட் உண்டு. பேங்க் எண்ணைக் கருவியின் பட்டியலில் பார்த்து எழுதுங்கள். அப்புறம் மிடிசிஎஸ்வியில் மொத்தமாக மாற்றிவிடலாம். ஒரே கீபோர்டில் புரோகிராம் செய்த பாட்டுகளுக்கெல்லாம் இந்த ஒரு தாள் போதும், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள்.

ஸ்வரப் பெயரை நம்பி எழுத வேண்டாம், எண்ணையே எழுதுங்கள். எண் 60-ஐ யமஹா சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. பெயரை வைத்து மாற்றினால் ஒரு ஸ்தாயி தள்ளிப்போகும். இந்திய கிட் இல்லாத கருவியில் 60, 61 பாங்கோவும் 62, 63, 64 காங்காவும் கைகொடுக்கும்: தொப்பிக்கு 64, திறந்த அடிக்கு 63, மூடிய அடிக்கு 62. டோலக் ஆகாது. நடை மட்டும் நிற்கும்.

ரோலண்டில் இரண்டாவது தாள சேனல் வைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லும் சிசெக்ஸ் போகாவிட்டால் சேனல் 11-இல் டோலக்குக்குப் பதில் பியானோ படபடக்கும். ஜி.எஸ்.-இல் சேனல் 11-ஐத் தாளமாக்கும் கட்டளை 240 65 16 66 18 64 26 21 2 15 247. கடைசிக்கு முந்தின 15 சரிபார்ப்பு எண்: 64, 26, 21, 2 கூட்டினால் 113, 128-இலிருந்து கழித்தால் 15. கூட்டல் 128-ஐத் தாண்டினால் 128-ஆல் வகுத்த மீதியைக் கழிக்க வேண்டும். இந்த எண் தப்பாக இருந்தால் கருவி கட்டளையை மௌனமாகத் தள்ளிவிடும். எக்ஸ்.ஜி.யில் இவ்வளவு வேலை இல்லை. சேனல் 11-இல் கன்ட்ரோலர் 0-க்கு 127 கொடுத்து கிட் எண்ணைக் கொடுத்தால் போதும்.

பாடுபவருக்காகக் கட்டை, அதாவது ஸ்ருதி, மாற்றும்போது தாள சேனலை விலக்கிவிடுங்கள். 1 கட்டைப் பாட்டை 2 கட்டைக்கு ஏற்ற எல்லா சேனலையும் 2 அரைச்சுரம் கூட்டினால், 36-இல் இருந்த கிக் 38-க்குப் போய் ஸ்நேர் ஆகும், 46-இல் இருந்த ஓப்பன் ஹை-ஹேட் 48-க்குப் போய் டாம் ஆகும். கணக்கிலும் கவனம்: 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் நடுவில் ஓர் அரைச்சுரம்தான்.

ஒலியின் எடை

பழைய கருவியில் ஒரு டோனுக்கு ஒரே மாதிரிப் பதிவு, கட்டையை அழுத்தும் வேகம் ஏறினால் சத்தம் மட்டும் ஏறும். புதுக் கருவியில் மெதுவாக அழுத்தினால் ஒரு பதிவு, ஓங்கி அடித்தால் வேறு பதிவு. பழைய ஃபைல்களில் வேகம் 120-க்கு மேலேயே இருப்பதால் பேஸ் கிட்டார் ஒவ்வொரு அடியிலும் ஸ்லாப் அடித்துக் கொட்டும். வேகத்தை 0.75-ஆல் பெருக்கி 15 கூட்டுங்கள்: 127 என்பது 110 ஆகும், 100 என்பது 90, 60 அப்படியே 60. குறைந்த சத்தத்தை வால்யூம் 7-இல் ஈடுகட்டுங்கள்.

ரிவெர்ப் 40 என்பது வீட்டில் கேட்க. தகரக் கூரையும் மொசைக் தரையும் உள்ள கல்யாண மண்டபத்தில் கட்டடமே எதிரொலிக்கும். தாளத்துக்கும் பேஸுக்கும் 0, மற்றவற்றுக்கு 20 போதும். திறந்த கோயில் திடலில் 40 வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஸ்வரம் நிற்காமல் இழுத்தால் அந்த சேனலில் சஸ்டெயின் 64-க்கு 127 போய் 0 திரும்பி வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் ஒரே கட்டை இரண்டு தடவை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். ட்ராக்குகளை ஒட்டும்போது வருகிற வழக்கமான பிழை.

கேபிளும் பென்டிரைவும்

மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் பல, ஸ்வரங்களை ஒழுங்காக அனுப்பி, நீளமான சிசெக்ஸை மட்டும் நறுக்கிவிடும். ரீசெட் போனதா என்று சோதிக்க, ஒரு சேனலுக்கு வால்யூம் 0 அனுப்பி, பிறகு ரீசெட் மட்டும் அனுப்புங்கள். ஒலி திரும்பி வந்தால் கேபிள் நல்லது. கீபோர்டின் பின்னால் நேரடி யூஎஸ்பி வாசல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பென்டிரைவை ஃபேட்32-ஆக, 32 ஜிபிக்குள் வையுங்கள். பெயர் எட்டு ஆங்கில எழுத்துக்குள் இருக்கட்டும், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம். எல்லா ட்ராக்கும் ஒன்றாக இருக்கும் ஃபார்மட் 0 மட்டும் படிக்கும் கீபோர்டுகள் உண்டு, ஆகவே மேடைப் பிரதியை ஃபார்மட் 0-ஆகவும், திருத்தும் பிரதியை ட்ராக் பிரிந்த ஃபார்மட் 1-ஆகவும் இரண்டாகச் சேமியுங்கள்.

கச்சேரிக்கு முந்தின நாள் இப்படிச் சோதியுங்கள்: வளைவு அதிகமுள்ள பாட்டைப் போட்டு, குழல் வளைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, உடனே வேறு பாட்டைப் போடுங்கள். அது ஸ்ருதியோடு, சரியான வாத்தியத்தோடு எழுந்தால் உங்கள் முதல் பார் சரியாக வேலை செய்கிறது. எழாவிட்டால் ரீசெட்டுக்குப் பின் விட்ட இடைவெளியை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். பாட்டை நடுவிலிருந்து தொடங்கினால் முதல் பார் ஓடாது என்பதால் மேடையில் எப்போதும் முதலிலிருந்தே போடுங்கள்.

சேமிக்கும் முன் முதல் ட்ராக்கின் பெயரில் எந்தக் கீபோர்டு, எந்த கிட், எந்தக் கட்டை, வளைவு எல்லை எத்தனை என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஃபார்மட் 0 ஆக்கினாலும் அந்த ஒரு பெயர் ஃபைலோடு போகும், பத்து வருடம் கழித்து இந்தக் கீபோர்டும் ஓய்ந்த பிறகு திறப்பவருக்கு மேலே உள்ள தேடல் எதுவும் வேண்டியிருக்காது.